ஃபுளோரன்ஸ் பட்டறையில் தத்ரூப ஓவியம்: புதிதாகச் சேர்பவருக்கு ஒரு வழிகாட்டி

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் தத்ரூபமாக வரையக் கற்றுத்தரும் தனியார் பட்டறைகள் சில இருக்கின்றன. டேனியல் கிரேவ்ஸ் 1991-இல் தொடங்கிய ஃபுளோரன்ஸ் அகாடமி ஆஃப் ஆர்ட், சார்லஸ் செசில் ஸ்டுடியோஸ், மைக்கேல் ஜான் ஏஞ்சல் நிறுவிய ஏஞ்சல் அகாடமி ஆகியவை பெயர்பெற்றவை. பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. இத்தாலிய மொழி தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். காய்கறி வாங்கவும் வீட்டுக்காரரிடம் பேசவும்தான் அது தேவைப்படும்.

ஏன் இந்த ஊர்? பாரிஸ் ஓவியர் ழான்-லியோன் ஜெரோமிடம் படித்த ஃபிலதெல்ஃபோ சீமி ஃபுளோரன்ஸில் குடியேறிப் பாடம் நடத்தினார். அவர் மகள் நெரீனா சீமி 1980-கள் வரை அதே முறையில் சொல்லிக்கொடுத்தார். நவீன ஓவியம் கோலோச்சிய காலத்தில் பழைய வரைபயிற்சி அறுந்துபோகாமல் காத்த சில இடங்களில் அவருடைய பட்டறையும் ஒன்று. இன்னொரு பக்கம், ஓவியர் பியேத்ரோ அன்னிகோனி இதே ஊரில் இருந்தார். ஏஞ்சல் அவருடைய மாணவர். அமெரிக்காவில் ஓவியர் ஐவ்ஸ் கேமெல் காப்பாற்றி வைத்திருந்த சைட் சைஸ் முறையும் (பொருளும் படமும் ஒரே அளவில் தெரியும்படி வைத்து வரைவது) பின்னால் வந்து சேர்ந்தது. இப்போது அங்கே சொல்லித்தரப்படுவது இவையெல்லாம் கலந்த ஒன்று.

முதலிலேயே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். புதியவர் படத்தில் வரும் பிழைகளில் பாதிக்கு மேல் கையால் வருபவை அல்ல. நிற்கும் இடம் நகர்ந்திருக்கும், பலகை சாய்ந்திருக்கும், வெளிச்சம் மாறியிருக்கும். ஆகவே இக்கட்டுரையில் அமைப்பு வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

சேருமுன் கேட்க வேண்டியவை

பட்டறையின் இணையப் பக்கத்தில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் மூத்த மாணவர்களுடையவை. அவற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? வாரத்தில் எத்தனை முறை திருத்தம் கிடைக்கும்? மாடல் எத்தனை மணி நேரம் நிற்பார்? வார்ப்பு (சிற்பத்தின் பிளாஸ்டர் நகல்) வரையும் அறைக்கு வடக்கு ஜன்னல் உண்டா, மின்விளக்கா? ஒவ்வொரு மாணவருக்கும் தனி இடம் உண்டா, அல்லது காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவரா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. இடத்தைப் பகிர வேண்டியிருந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் ஈசலை (பலகை வைக்கும் தாங்கியை) யாராவது இரண்டு சென்டிமீட்டர் நகர்த்திவிடுவார்கள். மறுநாள் படமே தப்பாகத் தெரியும். ஏன் என்று புரியாது.

இப்பட்டறைகளின் சான்றிதழ் பொதுவாகப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு நிகராகாது. ஊர் திரும்பிக் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்குப் போவது திட்டம் என்றால், பட்டத்தை முடித்துவிட்டுப் போவது நல்லது. சென்னையிலோ கும்பகோணத்திலோ கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஆளை நேரில் பார்த்து வரையும் லைஃப் ஸ்டடி பழக்கம் ஏற்கெனவே இருக்கும். அது உதவும். ஆனால் ஒரே படத்தை இரண்டு மாதம் வரையும் பொறுமையைப் புதிதாகத்தான் பழக வேண்டியிருக்கும்.

90 நாளுக்குள் முடியும் கோடைப் பயிலரங்குக்கு ஷெங்கன் விசா போதும். அதற்கு மேல் என்றால் இத்தாலியின் டி வகைப் படிப்பு விசா வேண்டும். அந்த விசாவில் இறங்கியவர் 8 வேலை நாளுக்குள் தபால் அலுவலகம் வழியாக 'பெர்மெஸ்ஸோ தி சோஜ்ஜோர்னோ' எனும் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான வருவாய் முத்திரையைப் புகையிலைக் கடையில் விற்பார்கள். தபால் அலுவலகம் தரும் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். அட்டை கைக்கு வரும்வரை அதுதான் உங்கள் ஆவணம். நிரந்தரத் தங்குமிடத்தை ஊரிலிருந்தே முன்பணம் கட்டி முடிக்க வேண்டாம். முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் ஓர் அறை பிடித்துக்கொண்டு, அங்கே போய், பட்டறை மாணவர்களிடம் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பெட்டியில் வைக்க வேண்டியவை

இவை போதும்:

– அளந்து பார்க்க ஒரு மெல்லிய பின்னல் ஊசி, 30 செ.மீ. நீளம். நேரான குடைக்கம்பியும் ஆகும்.
– கறுப்புத் தையல்நூல், அதன் முனையில் கட்ட ஒரு சின்ன ஈயக்குண்டு. இதுதான் தூக்குநூல். மேஸ்திரியின் தூக்குக்குண்டு பெரிது. மீன்பிடித் தூண்டிலுக்குப் போடும் ஈயம் சரியாக இருக்கும்.
– எச்பி, 2பி, 4பி பென்சில்கள், கட்டர்.
– உப்புத்தாள், நைசு ரகம், நான்கைந்து துண்டு.
– கையடக்கமான முகம்பார்க்கும் கண்ணாடி.
– மாஸ்கிங் டேப்.
– ஒரே உயரக் குதிகால் உள்ள, ரப்பர் அடி வைத்த செருப்போ ஷூவோ ஒரு ஜோடி. இதைப் பட்டறையிலேயே வைத்துவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

கட்டரைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில் போடுங்கள். கரி உதிராமல் பிடிக்கவைக்கும் ஃபிக்ஸடிவ் ஸ்பிரேயும் டர்பன்டைனும் எந்தப் பெட்டியிலும் போகாது, தீப்பற்றுபவை. கரி, தாள், பிசையும் ரப்பர் எல்லாம் அங்கேயே வாங்கலாம். தூவோமோ பேராலயத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ தெருவில் உள்ள ஜெக்கி கடை பழைய பெயர். விலை கூடுதல்தான். பட்டறைகள் பல ஃபாப்ரியானோவின் ரோமா தாளைக் கேட்கும். வரிவரியாக அமைந்த, கரியை நன்றாகப் பிடிக்கும் தாள் அது. முதல் படத்துக்கே அதை வாங்க வேண்டாம். சாதாரண வழவழப்பான தாளில் கை பழகியபின் வாங்குங்கள்.

முதல் வேலை: பார்கு நகல்

பிரெஞ்சு ஓவியர் ஷார்ல் பார்கு, ஜெரோமுடன் சேர்ந்து தயாரித்த வரைபாடத் தாள்களைப் பாரிஸின் கூப்பில் நிறுவனம் 1866 முதல் 1871 வரை வெளியிட்டது. மொத்தம் 197 கல்லச்சுப் படங்கள்: சிற்ப வார்ப்புகள் 70, பழைய ஓவியர்களின் கோட்டுப்படங்கள் 67, ஆண் உடல் நிலைகள் 60. வான்கோ தன் தொடக்ககாலத்தில் இவற்றைத்தான் விழுந்து விழுந்து நகலெடுத்தார். இன்று பட்டறையில் சேரும் பலருக்கும் இதில் ஒன்றோ இரண்டோதான் முதல் பாடம்.

ஊரிலேயே ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனால் அங்கே ஒரு மாதம் மிச்சம். ஜெராக்ஸ் கடையில் ஏ3 அளவில் அச்சிடச் சொல்லும்போது, தாளுக்கு ஏற்பப் படத்தை இழுத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இழுத்துவிட்டால் மூக்கு அகலமாகும். நீங்கள் அதையே உண்மை என்று நகலெடுப்பீர்கள்.

செய்யும் முறை இது. அச்சையும் வெற்றுத்தாளையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கமாக, ஒரே உயரத்தில் டேப்பால் ஒட்டுங்கள். வரையும் தாளுக்கு அடியில் நான்கைந்து தாள்களை மெத்தையாகப் போடுங்கள். பலகையின் மரக்கோடு தொனியில் (நீங்கள் போடும் வெளிச்ச இருட்டின் அளவில்) தெரியாமல் இருக்கும். அச்சின் நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டு, உங்கள் தாளிலும் அதே இடத்தில் போடுங்கள். படத்தின் உச்சிப் புள்ளி, அடிப் புள்ளி, இடக்கோடி, வலக்கோடி ஆகிய நான்கையும் முதலில் குறிக்க வேண்டும். பிறகு வெளிவடிவத்தைப் பத்துப் பன்னிரண்டு நேர்கோடுகளால் மட்டும் சுற்றுங்கள். வளைவு இப்போதைக்கு வேண்டாம். வளைவுக்குச் சாய்வை அளக்க முடியாது, நேர்கோட்டுக்கு முடியும். அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. சாய்வுகள் சரியானதும் ஒவ்வொரு நேர்கோட்டையும் இரண்டாக, நான்காக உடைத்துக்கொண்டே போனால் வளைவு தானே வந்து சேரும்.

அடுத்து, ஒளிக்கும் நிழலுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு. அதை வெளிக்கோட்டுக்குச் சமமான கவனத்தோடு வரைந்து, நிழற்பகுதி முழுவதையும் ஒரே தட்டையான சாம்பல் தொனியால் நிரப்புங்கள். அதற்குமுன் கண்ணிமை, உதட்டுப் பிளவு என்று இறங்க வேண்டாம்.

பென்சிலின் ஈயம் மூன்று சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி சீவி, உப்புத்தாளில் உருட்டி ஊசிமுனையாக்குங்கள். மொட்டை முனை தாளின் மேடுகளை மட்டும் தொட்டுப் போகும். பள்ளங்கள் வெள்ளைப் புள்ளியாக மிஞ்சி, தொனி உப்புத் தூவியதுபோல் தெரியும். கூர்முனை பள்ளத்துக்குள் இறங்கும். விரலால் தேய்த்துச் சமப்படுத்துவது பெரும் தப்பு: விரலின் எண்ணெய் தாளில் ஏறி, பிறகு போடும் தொனி அந்த இடத்தில் திட்டாகப் பிடிக்கும், ரப்பருக்கும் போகாது. மூன்று மணி நேர அமர்வில் ஒரு தாள் முடிய 10 முதல் 20 அமர்வு ஆகும். ஐந்தில் முடித்தவரின் படத்தை ஆசிரியர் பெரும்பாலும் திரும்பச் செய்யச் சொல்வார்.

வார்ப்பின் முன்னால்

பார்கு முடிந்ததும் வெள்ளைப் பிளாஸ்டர் வார்ப்பு. மிக்கேலாஞ்சலோவின் தாவீதின் கண், மூக்கு, உதடு, காது என்று தனித்தனியாக எடுத்த வார்ப்புகள் எல்லாப் பட்டறையிலும் இருக்கும். வண்ணம் இல்லை, அசையாது, சம்பளம் கேட்காது. ஒளியை மட்டும் படிக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது.

சைட் சைஸ் என்பது இவ்வளவுதான்: வார்ப்பையும் தாளையும் பக்கத்தில் பக்கமாக நிறுத்தி, பின்னால் தள்ளி ஓரிடத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே அளவில் தெரிய வேண்டும். அங்கே நின்று பார்க்கிறீர்கள், முடிவெடுக்கிறீர்கள், நடந்துபோய்த் தாளில் ஒரு குறி வைக்கிறீர்கள், திரும்பி வந்து பார்க்கிறீர்கள். தாளருகே நிற்கும்போது வார்ப்பைப் பார்க்கக் கூடாது. அங்கிருந்து அதன் வடிவமே வேறு.

அமைக்கும் வரிசை:

1. வார்ப்பைக் கண்மட்டத்துக்கு அருகே வையுங்கள். பின்னால் சாம்பல் அல்லது கறுப்புத் துணி.

2. வெளிச்சம் ஒன்றே ஒன்று, மேலே ஒரு பக்கத்திலிருந்து சுமார் 45 பாகையில். வடக்கு ஜன்னல் என்றால் கீழ்ப்பாதியை அட்டையால் மறையுங்கள். இரண்டாவது விளக்கு எங்கேனும் எரிந்தால் நிழலுக்குள் இன்னொரு நிழல் விழுந்து வடிவம் குழம்பும். பூமியின் வடபாதியில் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் பெரும்பாலும் நுழையாது. அதனால்தான் ஓவியர்கள் அதைத் தேடுகிறார்கள். ஃபுளோரன்ஸில் டிசம்பரில் மாலை 4.40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும், 3.30-க்கே ஒளி நம்பகமில்லை. அந்த மாதங்களில் வார்ப்பு வேலையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது 5000 கெல்வின் விளக்குக்கு முழுதாகப் போய்விடுங்கள். பாதி நாள் ஜன்னல், பாதி நாள் விளக்கு என்று ஒரே படத்தைச் செய்ய முடியாது.

3. ஈசலை வார்ப்புக்குப் பக்கத்தில், தாள் வார்ப்பின் தளத்திலேயே இருக்கும்படி நிறுத்துங்கள். தாளை உங்களை நோக்கி முன்னால் கொண்டுவந்தால் படம் சிறிதாகும். அதுவும் தவறில்லை, ஆனால் முதல் படத்துக்கு வேண்டாம்.

4. பலகை செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குநூலால் சரிபாருங்கள். மேல்பக்கம் பின்னால் சாய்ந்திருந்தால் தாளின் உயரம் உங்கள் கண்ணுக்குக் குறுகித் தெரியும். அதை ஈடுகட்ட நீங்கள் முகத்தை நீட்டி வரைவீர்கள். படத்தைக் கழற்றிச் சுவரில் மாட்டியதும் குதிரைமுகம் தெரியும். புதியவர்களின் நீள்முகங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

5. நிற்கும் இடம். வார்ப்பின் மிகப் பெரிய அளவைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தள்ளி நில்லுங்கள். 60 செ.மீ. உயர வார்ப்பு என்றால் 180 செ.மீ., இடமிருந்தால் 2 மீட்டர். இன்னும் பக்கத்தில் நின்றால் வார்ப்பையும் தாளையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டிவரும்.

6. இரண்டு பாதங்களையும் சுற்றித் தரையில் டேப் ஒட்டுங்கள். ஈசலின் மூன்று கால்களுக்கும், வார்ப்பு நிற்கும் மேடைக்கும் அதேபோல்.

செருப்பின் விஷயத்துக்கு வருவோம். தாள் தட்டையானது, கண் மூன்று சென்டிமீட்டர் உயர்ந்தால் அதில் பெரிய மாற்றம் தெரியாது. வார்ப்புக்கு ஆழம் உண்டு. மூக்குநுனி முன்னால், காது பின்னால். கண் உயர்ந்ததும் மூக்குநுனி காதைவிடக் கீழே இறங்கித் தெரியும். நேற்று ஷூவில் சரியாக இருந்த படம் இன்று செருப்பில் தப்பாகிவிடும். திருத்தவும் தொடங்கிவிடுவீர்கள், மறுநாள் ஷூவில் வந்து மறுபடி திருத்துவீர்கள்.

அளப்பது எப்படி? தூக்குநூலைக் கையை முழுதாக நீட்டி, முழங்கை மடங்காமல் பிடியுங்கள். மடங்கினால் ஒவ்வொரு முறையும் நூலுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் மாறி, அளவும் மாறும். ஒரு கண்ணை மூடுங்கள், எப்போதும் அதே கண்ணை. வார்ப்பில் தெளிவான ஒரு புள்ளியை, உதாரணமாகக் கண்ணின் உள்மூலையை, நூல் தொடட்டும். அந்தச் செங்குத்துக்கோட்டைத் தாளில் போடுங்கள். இனி எல்லாப் புள்ளிகளும் அதற்கு இடமா வலமா, எவ்வளவு என்றுதான் கேட்கப்படும். கிடைமட்டத்துக்கு அதே நூலை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து, வார்ப்பின் உச்சியிலிருந்து தாள்வரை நீட்டுங்கள். நூல் தாளை வெட்டும் இடம்தான் உச்சிக்குறி. அடிக்குறியும் அப்படியே. இந்த இரண்டையும் போட்ட பிறகு படம் முடியும்வரை நகர்த்தாதீர்கள். வழியில் ஏதோ பொருந்தவில்லை என்று உச்சியை ஏற்றுபவர்கள் உண்டு. அதற்குப் பிறகு நிலையான அளவு என்று எதுவும் மிஞ்சாது.

ஒரு வாரம் போனதும் நூலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணால் முதலில் ஊகியுங்கள், பிறகு நூலால் சரிபாருங்கள். நூலை மட்டும் நம்பி வரைகிறவருக்கு இரண்டாம் ஆண்டிலும் நூல் தேவைப்படும். சைட் சைஸை எதிர்ப்பவர்கள் சொல்லும் குறையும் இதுதான்: ஆளை ஓரிடத்தில் கட்டிப்போடுகிறது, இடம் மாறினால் வரையத் தெரியாது. அதில் நியாயம் இருக்கிறது. ஆகவே ஆறாம் மாதத்திலிருந்து ஒப்பீட்டு அளவையையும் பழகுங்கள். அதாவது தலையின் உயரத்தை ஓர் அலகாக வைத்து உடலை அளப்பது. கூட்டமான மாடல் வகுப்பில் பின்வரிசையில் இடம் கிடைத்தால் அது மட்டும்தான் கைகொடுக்கும்.

கரி

வில்லோ கரிக்குச்சி மென்மையானது, துணியால் தட்டினாலே உதிர்ந்துவிடும். முதல் வடிவம் போட அது. பிறகு கடினக் கரி. நைட்ராம் என்ற பிராண்டில் எச், எச்பி, பி என்று தரம் பிரித்து வருகிறது. உப்புத்தாளில் படுக்கவைத்து, மெதுவாக உருட்டிக்கொண்டே தேய்த்து, முனையை நான்கு சென்டிமீட்டருக்கு ஊசியாக்குங்கள். அழுத்தினால் முறியும். ஒரு மணி நேர வேலையில் பத்து நிமிடம் கூர்தீட்டுவதில் போனால் அது வீணான நேரம் இல்லை.

தாளிலிருந்து தூளை வாயால் ஊதாதீர்கள். எச்சில் துளி விழுந்த இடம் கரும்புள்ளியாக நிற்கும், அழியாது. பலகையின் பின்பக்கம் தட்டினால் போதும். பிசையும் ரப்பரைத் தேய்க்காமல், நுனியைக் கூராக்கி ஒற்றி எடுங்கள். தொனியைச் சமப்படுத்தப் பன்றிமயிர்த் தூரிகை நல்லது. ஆனால் அடிக்கடி தேய்த்தால் கரி தாளின் பள்ளத்தில் அடைந்து மினுங்கத் தொடங்கும். அதற்குமேல் கரி ஏறாது. அதனால் மிக ஆழ்ந்த நிழலைக் கடைசிவரை ஒரு படி குறைவாகவே வைத்திருங்கள்.

தொனி

வார்ப்பின் மேல் விழும் ஒளிக்கும் அதன் ஆழ்ந்த நிழலுக்கும் உள்ள தூரம் பெரிது. தாளின் வெள்ளைக்கும் கரியின் கறுப்புக்கும் உள்ள தூரம் அதைவிடச் சிறியது. ஒவ்வொரு தொனியையும் அப்படியே நகலெடுக்க முடியாது. இவற்றுக்குள் உள்ள உறவை மட்டும் சுருக்கிக் கொண்டுவர முடியும். முதலில் மிக ஆழ்ந்த நிழல் எது, மிக வெளிச்சமான இடம் எது என்று இரண்டை முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாம் இவற்றுக்கு நடுவில்.

கண்ணை நன்றாக இடுக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து, நிழல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கருவடிவமாகும். அந்த வடிவத்தைத்தான் முதலில் வரைய வேண்டும்.

இங்கே எல்லாரும் விழும் குழி எதிரொளி. தாடைக்குக் கீழே, நிழலுக்குள், துணியிலிருந்தோ மேசையிலிருந்தோ திரும்பும் மங்கல் வெளிச்சம். கண்ணை விரித்து நிழலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் கண்மணி விரிந்து அது பளிச்சென்று தெரியும். அதை அப்படியே வெளுப்பாக விட்டதும் தாடை தகரம்போல் ஆகிவிடும். விதி எளிது: நிழலுக்குள் இருக்கும் மிக வெளுத்த இடமும், ஒளிப்பக்கத்தின் மிக இருண்ட இடைத்தொனியைவிட இருண்டே இருக்க வேண்டும்.

ஓரங்களையும் கவனியுங்கள். மூக்கிலிருந்து கன்னத்தில் விழும் நிழலின் ஓரம் மூக்கருகே கூர்மை, தள்ளிப் போகப்போக மங்கல். கன்னத்தின் உருண்டையில் ஒளி மெதுவாக நிழலாகும் ஓரம் எப்போதும் மென்மை. எல்லா ஓரத்தையும் ஒரே கூர்மையில் வைத்தால் வெட்டி ஒட்டிய தாள்போல் இருக்கும்.

சரிபார்க்க முகம்பார்க்கும் கண்ணாடியை எடுங்கள். உங்கள் இடத்தில் முதுகைத் திருப்பி நின்று, வார்ப்பும் படமும் கண்ணாடியில் சேர்ந்து தெரியும்படி பிடித்தால் இடவலம் மாறித் தெரியும். பழகிப்போன பிழை சட்டென்று துருத்தும். போன் கேமராவை இதற்கு நம்ப வேண்டாம். பக்கத்திலிருந்து எடுத்தால் லென்ஸ் முன்னால் இருப்பதைப் பெரிதாக்கும், நிழல்களையும் தன் விருப்பத்துக்கு வெளுப்பாக்கும்.

மாடல் வரைதல்

நிர்வாண மாடலின் முன் உட்காருவது நம்மூரிலிருந்து போகும் சிலருக்கு முதல் நாள் கூச்சமாக இருக்கும். முதல் இடைவேளைக்குள் போய்விடும். அளக்க வேண்டியவை அவ்வளவு இருக்கின்றன. மரியாதைகள் மட்டும் தெரிந்திருக்கட்டும். போன் பைக்குள். மாடல் நிற்கும் மேடைக்கு அருகே போகக் கூடாது. கை கால் நகர்ந்துவிட்டது என்றால் நீங்கள் சொல்லாமல், வகுப்பை நடத்துபவரிடம் சொல்லுங்கள். உடலைப் பற்றி எந்தக் கருத்தும், தமிழில்கூட, வேண்டாம்.

மாடல் இருபது, இருபத்தைந்து நிமிடம் நின்று ஐந்து நிமிடம் ஓய்வெடுப்பார். பாதம் இருக்கும் இடத்தில் டேப்போ சாக்பீஸ் குறியோ இருக்கும். முதல் சில நிமிடத்தில் உடம்பு நிமிர்ந்திருக்கும். பிறகு தோள் இறங்கும், இடுப்பு ஒரு பக்கம் அமரும். அப்படி அமர்ந்த நிலைதான் வாரம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும். ஆகவே முதல் நாள் முதல் இருபது நிமிடத்தில் எதையும் உறுதியாகப் போடாதீர்கள். நிலையின் போக்கை மட்டும் லேசான நான்கைந்து கோட்டில் எழுதிப் பாருங்கள்.

ஒரு காலில் எடை போட்டு நிற்கும் மாடலை நேரெதிரே பார்த்தால், தொண்டைக்குழியிலிருந்து தூக்குநூல் விட்டால் அது எடை தாங்கும் காலின் கணுக்காலுக்கு அருகே விழும். இது பொருந்தாத படத்தில் ஆள் சாய்ந்து விழப்போவதுபோல் இருப்பார், முகம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும். நிற்கும் உடலின் நடுப்பகுதி ஏறத்தாழ இடுப்பெலும்பின் அடிமுனையில் வரும். புதியவர்கள் அதைக் கீழே இறக்கிவிட்டு, தாளில் இடம் போதாமல் கால்களைக் குட்டையாக்குவார்கள். அதனால் தலை உச்சி, பாதம், நடு என்ற மூன்று குறியும் முதல் ஐந்து நிமிடத்திலேயே விழட்டும்.

திருத்தம் வாங்குவது

ஆசிரியர் வந்ததும் நீங்கள் விலகி, உங்கள் டேப் குறியில் அவரை நிற்க விடுங்கள். அவர் உங்களைவிட உயரமானவர் என்றால் கண்மட்டம் மாறும். உங்கள் உயரத்தை அவரிடம் சொல்லுங்கள், குனிந்து பார்ப்பார். அவர் சொல்வதை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 'அது அப்படித்தான் தெரிந்தது' என்று விளக்கம் சொல்வதில் கிடைக்கும் ஐந்து நிமிடமும் போய்விடும். சில ஆசிரியர்கள் உங்கள் படத்தின்மேலேயே கோடு போடுவார்கள். அதை அழித்துவிட்டுத் திரும்ப நீங்களே கண்டுபிடித்துப் போடுவது நல்லது, இல்லையென்றால் அந்த இடம் மட்டும் வேறொருவர் கையாக நிற்கும். ஒரே பிழையை இரண்டு வாரம் தொடர்ந்து சொன்னால் படத்தைத் தொடாதீர்கள், அமைப்பைச் சோதியுங்கள்.

அறையிலும் அருங்காட்சியகத்திலும்

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் கல்தரையில் நிற்பீர்கள். இடுப்பும் குதிகாலும் முதல் மாதம் வலிக்கும். ரப்பர் பாய் ஒன்றை விரிப்பதாக இருந்தால் முதல் நாளிலிருந்தே விரியுங்கள், நடுவில் விரித்தால் உங்கள் கண்மட்டம் உயரும்.

மாலையில் அறையில் பத்து நிமிடம், அன்று வரைந்த வார்ப்பை நினைவிலிருந்து தீப்பெட்டி அளவில் வரைந்து பாருங்கள். எந்த இடம் ஞாபகம் வரவில்லையோ அதை நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. மறுநாள் அங்கிருந்து தொடங்கலாம். வெள்ளை முட்டை ஒன்றை ஒரே விளக்கின் கீழ் வைத்துத் தொனி போடுவதும் நல்ல வீட்டுவேலை.

மாதத்தின் முதல் ஞாயிறு இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் அனுமதி இலவசம். கூட்டமும் அன்றுதான் அதிகம். அக்காதெமியா கூடத்தில் எல்லாரும் 5.17 மீட்டர் உயரத் தாவீதைப் பார்த்துவிட்டு வெளியேறுவார்கள். அங்கேயே லொரென்சோ பார்தொலினியின் பிளாஸ்டர்கள் நிறைந்த அறை ஒன்று உண்டு. அந்த வார்ப்புகளின் மேல் சிறு கரும்புள்ளிகள் தெரியும். அளவைப் பளிங்குக்கு மாற்ற அடித்த ஆணிகள் அவை. எந்தெந்த இடங்களைத் தேர்ந்து புள்ளி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: நெற்றிமேடு, கன்ன எலும்பு, தாடைநுனி, தோள்முனை. உங்கள் தாளில் முதலில் விழ வேண்டிய குறிகளும் அவையே. சிறிய குறிப்பேடும் பென்சிலும் எடுத்துப் போங்கள். வரையலாமா என்று காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரி வேண்டாம்.

படங்களை ஊருக்குக் கொண்டுவர

கரிப்படத்தைச் சுருட்டி உருளையில் போட்டால் தூள் உதிர்ந்து மறுபக்கத்தில் அச்சாகும். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்து, படத்தின் முகத்தின்மேல் வழவழப்பான கிளாசின் தாளைப் போட்டு, அது நகராமல் நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். ஃபிக்ஸடிவ் அடிப்பதானால் திறந்த ஜன்னலருகே, 30 செ.மீ. தள்ளி, இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள். ஒரே பூச்சாக நனைத்தால் இடைத்தொனிகள் எல்லாம் ஒரு படி இருண்டுவிடும். முக்கியமான படத்தில் அடிக்குமுன் கழித்துப்போட்ட தாள் ஒன்றில் சோதித்துக்கொள்ளுங்கள்.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற ஈரக்காற்றுள்ள கடற்கரை ஊர்களில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். கண்ணாடி போட்டுச் சட்டமிடும்போது தாள் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். சட்டத்தை வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டி, பின்பக்க மூலைகளில் சிறு ரப்பர் குமிழ் ஒட்டிவிட்டால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றுப் போகும்.